உம் கொட்டும் இடம்: சிறார் கதைநூல்களின் உரைநடையும் வாசித்துக் காட்டும் மரபும்

முன்னுரை

தமிழில் சிறார் இலக்கியம் பற்றி எழுந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று வினாக்களைச் சுற்றியே அமைகின்றன. நூல் எப்பொருளைக் கூறுகிறது, எவ்வயதினர்க்கு உரியது, எந்நீதியை உணர்த்துகிறது என்பன அவை. மொழிநடை பற்றிய பகுதியில் ‘எளிய நடை’, ‘குழந்தைகளுக்குப் புரியும் சொற்கள்’ என்னும் பாராட்டுத் தொடர்கள் இடம்பெறும். நடை அதற்கு மேல் ஆராயப்படுவது அரிது. அந்நூல் வீட்டில் எவ்வாறு படிக்கப்படுகிறது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதேயில்லை.

எழுத்தறியாக் குழந்தைக்குரிய நூலை வாங்குபவரும் படிப்பவரும் பெரியவரே. குழந்தை கேட்கிறது, படம் பார்க்கிறது, இடையிடையே ‘உம்’ கொட்டுகிறது. ஆகவே சிறார் கதைநூல் ஒவ்வொன்றுக்கும் வாசகர் இருவர் உளர். எழுத்தைக் காண்பவர் ஒருவர். கதையைக் கேட்பவர் மற்றொருவர். இவ்விருவர்க்கும் இடையில் தமிழில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. நூல் எழுத்து வழக்கில் அமைந்திருக்கிறது. வீடு பேச்சு வழக்கில் இயங்குகிறது. இரட்டை வழக்குடைய ஒரு மொழியில் வாசித்துக் காட்டுதல் என்பது ஒருவகைப் பெயர்ப்புத் தொழில் ஆகிறது. அத்தொழிலுக்கு இடங்கொடுக்கும் உரைநடை எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா தமிழ்நாட்டுக்கு வெளியே கூடுதல் முதன்மை பெறுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6.9 கோடியினர். அவர்களுள் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பிற மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வாழ்கின்றனர். இக்குடும்பங்களின் குழந்தைகளுள் பலர் தமிழ் பேசுவர். பள்ளியில் தமிழ் படிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இராது. அத்தகைய குழந்தை எழுத்துத் தமிழைச் சந்திக்கும் முதல் இடமும், சில வேளைகளில் ஒரே இடமும், தாயோ தாத்தாவோ வாசித்துக் காட்டும் கதைநூலே ஆகும்.

செவிலிக்கு உரிய உரை

குழந்தையை நோக்கிய கதைமொழி நம் இலக்கண மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் உரையின் வகைகளைக் கூறுமிடத்துப் பொய்ம்மொழியையும் நகைமொழியையும் அவற்றுள் அடக்குகிறது. தொடர்ந்து, உரையை இரு கூறாக்கி, அவற்றுள் ஒன்றைச் செவிலிக்கு உரியதாகவும் மற்றொன்றை எல்லார்க்கும் உரியதாகவும் வகுக்கிறது. அங்குச் செவிலியின் உரையைக் கேட்பவள் தலைவியே. சிறு குழந்தை அன்று. எனினும், வளர்ப்பவர் வளர்க்கப்படுபவர்க்குச் சொல்லும் உரை தனக்கென ஓர் உரிமையுடைய வகை என்னும் உணர்வு இலக்கணியர்க்கு இருந்தமை இதனால் பெறப்படுகிறது. சொல்பவர் யார் என்பதைக் கொண்டு உரையை வகைப்படுத்தும் இப்பார்வை, இன்றைய சிறார் இலக்கியத் திறனாய்வுக்குப் பெரிதும் பயன்படக்கூடியது. நாம் நூலைக் கேட்பவரின் வயதைக் கொண்டு மட்டுமே பிரிக்கிறோம். சொல்பவரின் வாயை மறந்துவிடுகிறோம்.

அச்சிலிருந்து வாய்க்கு

‘யானை ஆற்றில் இறங்கியது’ என்று நூலில் இருக்கிறது எனக் கொள்வோம். மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் அதனை அவ்வாறே படிப்பதில்லை. ‘யானை ஆத்துல இறங்குச்சாம்’ என்கிறார். ஆறு ஆத்து ஆகிறது. இல் உருபு ‘ல’ ஆகிறது. வினைமுற்றின் ஈறு மாறுகிறது. இவை யாவரும் அறிந்த ஒலி, உருபு மாற்றங்கள். இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது இறுதியில் வந்து ஒட்டிக்கொண்ட ‘ஆம்’ என்னும் இடைச்சொல்.

நூலில் அந்த ஆம் இல்லை. நூலாசிரியர் நிகழ்ச்சியை நேரே கூறுகிறார். தாயோ, தான் பிறரிடம் கேட்டதைச் சொல்பவராகத் தம்மை மாற்றிக்கொள்கிறார். ‘இறங்கியது’ என்பதில் கூற்றுக்குப் பொறுப்பு நூலுக்கு; ‘இறங்குச்சாம்’ என்பதில் கதைக்கு ஒரு வழிவழித் தொடர்ச்சி பிறந்துவிடுகிறது. யாரோ சொன்னார்கள், நான் கேட்டேன், இப்போது உனக்குச் சொல்கிறேன் என்னும் உறவு அந்த ஓரசையில் அடங்குகிறது. நேற்று அச்சான நூலும் இவ்வகையில் பாட்டி கதையாகிவிடுகிறது.

இவ்வாறு மாற்றிய வடிவம் நிலையற்றதும் அன்று. நான்கைந்து முறை வாசித்த பின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொல்வடிவம் உறுதிப்படும். மறுநாள் தந்தை வேறுவிதமாகப் படித்தால் குழந்தை ஏற்பதில்லை; ‘அப்படி இல்லை’ என்று திருத்தும். சுவடிப் பதிப்பில் நாம் பாடவேறுபாடு என்று வழங்குவது இங்கு வீடுதோறும் நிகழ்கிறது. அச்சான நூல் ஒன்றே; அதற்கு வீட்டுப் பாடங்கள் பல. சிறார் கதைநூலின் உண்மையான வாழ்வு இப்பாடங்களில் இருக்கிறது எனின் மிகையாகாது.

உம் கொட்டும் இடம்

கதை கேட்கும் குழந்தை உம் கொட்டவேண்டும் என்பது தமிழ் வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். உம் கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார். குழந்தை உறங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். உம் என்பது கேட்டேன், புரிந்தது, மேலே சொல் என்னும் மூன்று பொருளையும் ஒருங்கே தரும் ஒலிக்குறிப்பு. ஆகவே வாசித்துக் காட்டத்தக்க உரைநடையின் முதல் இலக்கணம், அதில் உம் கொட்டுவதற்கு இடம் இருத்தலாகும். இதனை விளக்க, ஒரே செய்தியை மூன்று நடைகளில் இங்கு அமைத்துக் காண்போம்.

முதல் நடை: ‘பசியால் வாடிய நரி, காட்டின் நடுவே தனியாக நின்ற ஆலமரத்தின் கிளையில் தொங்கிக்கொண்டிருந்த தேன்கூட்டைக் கண்டு நாவில் நீர் ஊற நின்றது.’

இரண்டாம் நடை: ‘நரி வந்தது. நரிக்குப் பசி. நரி மரத்தைப் பார்த்தது. மரத்தில் தேன்கூடு இருந்தது.’

மூன்றாம் நடை: ‘நரிக்குப் பசி. காட்டு வழியே நடந்தது. நடந்து நடந்து ஓர் ஆலமரத்தடிக்கு வந்தது. வந்து, அண்ணாந்து பார்த்தது. பார்த்தால், மேலே ஒரு தேன்கூடு!’

முதல் நடையில் அருஞ்சொல் எதுவும் இல்லை. ‘எளிய சொற்கள்’ என்னும் வழக்கமான அளவுகோலால் அளந்தால் அது தேர்ச்சி பெற்றுவிடும். ஆயினும் அதனை வாசித்துக் காட்டுவது கடினம். காரணம் பெயரெச்சங்களின் அடுக்கு. ‘வாடிய’, ‘நின்ற’, ‘தொங்கிக்கொண்டிருந்த’ என்பன தத்தம் பெயரை நோக்கிக் காத்திருக்கின்றன. குழந்தையும் அவற்றை மனத்தில் ஏந்திக்கொண்டு காத்திருக்கவேண்டியுள்ளது. தொடர் முடியும்வரை உம் கொட்ட வழியில்லை. பேச்சு வழக்கில் அதனைச் சொல்ல விரும்பும் தாய் தொடரையே கலைத்துப் புதிதாகக் கட்டவேண்டும். களைப்புற்ற மாலைப்பொழுதில் அது எல்லார்க்கும் இயல்வதன்று.

இரண்டாம் நடை தொடக்கநிலைப் பாடநூல்களில் பெரிதும் காணப்படுவது. குழந்தை தானே எழுத்துக்கூட்டிப் படிக்க அது உதவும். கேட்பதற்கோ அதில் ஓட்டமில்லை. உம் கொட்ட இடம் மிகுதியாக உண்டு. உம் கொட்டும் ஆவல் எழுவதில்லை.

மூன்றாம் நடையில் தொடர்கள் சிறியன. எனினும் ஒன்றையொன்று பற்றிச் செல்கின்றன. ‘நடந்தது’ என்னும் முற்று அடுத்த தொடரில் ‘நடந்து நடந்து’ என எச்சமாகிறது. ‘வந்தது’ என்பது ‘வந்து’ ஆகிறது. நாட்டுப்புறக் கதைசொல்லிகளிடம் இயல்பாகக் கேட்கப்படும் உத்தி இது. அந்தாதித் தொடையின் உரைநடை உறவினர் என்று இதனைக் கூறலாம். வினையெச்சம் நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் முன்னே நகர்த்துகிறது. பெயரெச்சமோ கேட்பவரை நிறுத்திவைக்கிறது. இவ்விலக்கண வேறுபாடு, சிறார் உரைநடையின் தரத்தை அறிய ‘எளிமை’ என்னும் சொல்லைவிடத் தெளிவான கருவியாக அமைகிறது. தாய் மூன்றாம் நடையைக் கலைக்காமலே ‘நடந்துச்சாம், நடந்து நடந்து…’ என்று பேச்சு வழக்குக்கு மாற்றிவிடுகிறார். அச்சுக்கும் வாய்க்கும் இடையில் அந்நடை ஒரு தாழ்ந்த வாயிற்படியாகவே நிற்கிறது.

பேச்சு வழக்கில் அச்சிடுதல்

அவ்வாறாயின் நூலையே பேச்சு வழக்கில் அச்சிட்டுவிடலாமே என்னும் வினா எழும். உரையாடல்களில் பேச்சு வழக்கு வருதல் பெரிதும் ஏற்கப்பட்டுவிட்ட ஒன்று. கதைக்கூற்று முழுவதையும் பேச்சு வழக்கில் தருவதில் ஒரு தடை உண்டு. பேச்சுத் தமிழ் ஒன்றன்று. நெல்லை, கொங்கு, தஞ்சை, சென்னை, குமரி என வழக்குகள் பல. அவற்றுள் ஒன்றை அச்சிட்டால், பிற வழக்கினர் அதனைத் தம் வாய்க்கு மாற்றுவது எழுத்து வழக்கிலிருந்து மாற்றுவதைவிடக் கடினமாகிறது. 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன் கரிசல் வழக்கை எழுத்தில் நிலைபெறச் செய்தவர். அவருடைய ‘பிஞ்சுகள்’ சிறுவரை நோக்கிய அரிய படைப்பு. கரிசல் மண்ணினர்க்கு அது வீட்டுமொழி. வேறு வட்டாரத்தார்க்கு மெல்ல நின்று படிக்கவேண்டிய நூல். அதன் இலக்கியப் பெருமை இதனால் குறைவதில்லை. வாசித்துக் காட்டுவோர் எல்லார்க்கும் அது முன்மாதிரியாக அமையாது என்பதே இங்குக் கருத்து. தந்தை நெல்லையினராகவும் தாய் தஞ்சையினராகவும் உள்ள ஒரு தில்லிக் குடும்பத்தில், இருவரும் தத்தம் வழக்கை எடுத்துக்கொள்ள உதவும் பொதுக் கருவூலமாக எழுத்து வழக்கே பயன்படுகிறது.

பாட்டும் கதையும்

கதையில் நிகழும் இம்மாற்றம் பாட்டில் நிகழ்வதில்லை. சந்தமும் எதுகை மோனையும் சொல்லை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ‘ஆற்றில்’ என்பதை ‘ஆத்துல’ என்று மாற்றினால் எதுகை உடையும். ஆகவே எழுதப்பட்ட குழந்தைப் பாடல் எழுதியவாறே வாயில் ஏறுகிறது. பாரதியாரின் பாப்பாப் பாட்டு, கவிமணியின் குழந்தைப் பாடல்கள், ‘குழந்தைக் கவிஞர்’ எனப் போற்றப்பெற்ற அழ. வள்ளியப்பாவின் (1922-1989) பாடல்கள் ஆகியவை தலைமுறைகள் கடந்தும் சொல் மாறாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்துத் தமிழின் வினைமுற்றுகளையும் உருபுகளையும் குழந்தை தன் நாவால் முதலில் சொல்லிப் பழகுவது பாட்டின் வழியாகவே.

நாட்டார் பாடல்கள் அச்சேறும்போது இதற்கு நேர்மாறான நிகழ்வைக் காண்கிறோம். வாயில் ‘சாஞ்சாடம்மா’ என வழங்குவது நூலில் ‘சாய்ந்தாடம்மா’ எனத் திருத்தம் பெறுகிறது. நூலைக் கையில் வைத்துக்கொண்டே தாய் பழைய வடிவத்தைப் பாடுகிறார். அச்சு திருத்தியதை வாய் ஏற்கவில்லை.

எனவே பாட்டுக்கும் கதைக்கும் வீட்டில் வெவ்வேறு பணிகள் உள்ளன. பாட்டு எழுத்துத் தமிழைக் குழந்தையின் வாயில் வைக்கிறது. கதை எழுத்துத் தமிழைப் பெரியவரின் வாயில் கரைத்துக் குழந்தையின் காதுக்குத் தருகிறது. இரண்டையும் ‘எளிமை’ என்னும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது பொருந்தாது.

சில நூல்களும் இவ்வளவுகோலும்

1947இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கப்பெற்ற அம்புலிமாமா இதழின் நடை முற்றிலும் எழுத்து வழக்கே. எனினும் அதனைக் குடும்பமாகப் படித்தோர் பலர். அவ்விதழில் நெடுங்காலம் வெளிவந்த விக்கிரமாதித்தன்-வேதாளக் கதைகளின் அமைப்பு இங்கு நோக்கத்தக்கது. ஒவ்வொரு கதையின் இறுதியிலும் வேதாளம் ஒரு வினாவை எழுப்புகிறது. அரசன் விடை கூறவேண்டும். வாசித்துக் காட்டுபவர் அவ்விடத்தில் நிறுத்தலாம். அரசனுக்கு முன் வீட்டிலுள்ளோர் விடை தேடலாம். நடை தராத இடைவெளியைக் கதையின் கட்டமைப்பு தந்தது. உம் என்னும் சிறிய மறுமொழி அங்கு ஒரு முழு விடையாக வளர்ந்தது.

சென்னையில் 1996இல் தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகத்தின் படநூல்களுள் அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’ குறிப்பிடத்தக்கது. சளி பிடித்த ஒரு யானையின் பெருந்தும்மலைச் சுற்றி அமைந்த கதை அது. தும்மல் ஒலி எழுத்து வழக்கும் அன்று. பேச்சு வழக்கும் அன்று. ஒலிக்குறிப்புச் சொற்களிலும் இரட்டைக்கிளவிகளிலும் இரு வழக்கும் ஒன்றாகிவிடுகின்றன. அவ்விடத்தில் படிப்பவர் நடிகராகிறார். குழந்தை தும்மலுக்காகக் காத்திருக்கிறது. சொற்குறைவு உடைய படநூலில் எழுத்தைப் பெரியவரும் படத்தைக் குழந்தையும் படிக்கின்றனர். பெரியவர் தவறவிட்டதைப் படத்தில் கண்டு சுட்டும் உரிமை குழந்தைக்குக் கிடைக்கிறது.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலை அது பேசுகிறது. பெற்றோர் குழந்தையிடம் சொல்லத் தயங்கும் செய்தி இது. நாவலில் ஒரு மரப்பாச்சி பேசத் தொடங்கிச் சிறுமிக்குத் துணையாகிறது. வாசித்துக் காட்டும் நோக்கில் இவ்வுத்தியின் பயன் இரட்டிப்பாகிறது. சிறுமிக்குத் துணிவு தரும் பொம்மை, நூலைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்க்கும் சொற்களைத் தருகிறது. தாமாகச் சொல்ல இயலாததை, மரப்பாச்சி சொல்வதாகப் படிக்க அவரால் இயல்கிறது. பொருளின் துணிவுக்காக மட்டும் இந்நாவலைப் பாராட்டுவோர், அதன் கூற்றுமுறை குடும்பத்திற்குள் ஆற்றக்கூடிய இப்பணியையும் கருதவேண்டும்.

சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் இப்பரிசை அண்மையில் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023), யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ (2024), விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ (2025) ஆகியவை பெற்றுள்ளன. படைப்பு இவ்வாறு வளர்ந்துவரும் நிலையில், திறனாய்வு பொருள் சுருக்கமும் நீதிச் சுருக்கமும் கூறுவதோடு நின்றுவிடுவது தகாது.

நிலைப்படுத்தலும் அதன் எல்லையும்

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் தொடங்கியபோது, சிறு கதைநூல்கள் நுழை, நட, ஓடு, பற எனப் படிநிலைப்படுத்தி வழங்கப்பட்டன. 2004இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ் நிறுவனமும் தன் நூல்களை வாசிப்புத் திறன் நோக்கிப் படிநிலைகளாகப் பிரிக்கிறது. தானே படிக்கக் கற்கும் குழந்தைக்கு இவை பெரிதும் பயன்படுவன. ஆயினும் ஒன்றை மனங்கொள்ளவேண்டும். கேட்டுப் புரியும் திறன், படித்துப் புரியும் திறனுக்குச் சில ஆண்டுகள் முன்னே செல்கிறது. முதல் படிநிலை நூலையே எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தை, வாசித்துக் காட்டினால் நெடிய கதையையும் விரும்பிக் கேட்கும். எனவே கண்ணுக்கு ஒரு படிநிலையும் காதுக்கு ஒரு படிநிலையும் தேவை. காதுக்குரிய படிநிலையைத் தமிழின் தொடரமைப்பைக் கொண்டு வகுப்பது தமிழ்த்துறைகள் செய்யவேண்டிய பணியாகும்.

பிற மாநிலத் தமிழ்க் குடும்பம்

தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள குடும்பங்களில் இருமொழி நூல்கள் பயன்பாட்டில் உள்ளன. ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் இடம்பெறும் நூல்களைத் தூலிகா போன்ற பதிப்பகங்கள் வெளியிட்டுள்ளன. இவற்றால் நன்மையும் உண்டு, இடர்ப்பாடும் உண்டு. பள்ளியில் ஆங்கில எழுத்தைக் கற்ற குழந்தை ஆங்கில வரிக்கே முதலில் செல்கிறது; தமிழ் வரி பக்கத்திற்கு அணியாக நின்றுவிடும் வாய்ப்பு மிகுதி. அதே நூலைப் பெரியவர் தமிழில் வாசித்துக் காட்டும்போது நிலை மாறுகிறது. குழந்தை ஆங்கில வரியால் பொருளை உறுதிசெய்துகொண்டு, தமிழ் ஒலியைக் கேட்டு, தமிழ் எழுத்தின் மேல் நகரும் விரலைப் பார்க்கிறது. விரல் ‘ஆற்றில்’ என்னும் எழுத்தின் மேல் நிற்க, வாய் ‘ஆத்துல’ என்கிறது. இரண்டும் ஒன்றே என்னும் அறிவு அக்குழந்தைக்கு இலக்கண வகுப்பு இல்லாமலே கிட்டுகிறது. பின்னாளில் எழுத்துத் தமிழ் அதற்கு அயல்மொழியாகத் தோன்றாமல் இருக்க இவ்வறிவு அடித்தளமாகிறது.

இதன் மறுதலையும் உண்டு. கண்பார்வை மங்கிய பாட்டிக்குப் பேரக்குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டும் நேரம் அது. அப்போது குழந்தை எழுத்து வழக்கிலேயே படிக்கிறது. உம் கொட்டுபவர் பாட்டி. தொடர் நீண்டு பெயரெச்சங்கள் அடுக்கியிருப்பின் குழந்தை நடுவில் மூச்சு வாங்கி நிற்கும். பாட்டிக்கும் தொடர்பு அறுந்துபோகும். கேட்பதற்கு ஏற்ற நடையே, படிக்கத் தொடங்குபவரின் மூச்சுக்கும் ஏற்ற நடையாக அமைவதை இங்குக் காண்கிறோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு.

சிறார் கதைநூலைச் சொல்பவர், கேட்பவர் என்னும் இருவரையும் கொண்டு மதிப்பிடவேண்டும். உரையைச் சொல்பவரைக் கொண்டு வகுக்கும் நெறி தொல்காப்பியத்திலேயே உள்ளது. அச்சிலுள்ள கதை வீடுதோறும் பேச்சு வழக்கில் புதிய பாடம் பெறுகிறது; ‘ஆம்’ என்னும் இடைச்சொல் அதற்குச் சிறந்த சான்று. வினையெச்சத்தால் முன்செல்லும் சிறு தொடர்கள் இம்மாற்றத்திற்கு இடந்தருகின்றன. பெயரெச்ச அடுக்குகள் தடையாகின்றன. கதைக்கூற்றுக்கு எழுத்து வழக்கே வட்டாரங்கள் அனைத்துக்கும் பொதுவாகப் பயன்படும். பாட்டின் பணியும் கதையின் பணியும் வேறாதலின் அளவுகோலும் வேறாதல் வேண்டும்.

வீட்டுப் பாடங்களைத் தொகுக்கும் களப்பணி இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்கது. ஒரே கதைநூலைப் பல ஊர்களிலும் பல மாநிலங்களிலும் உள்ள குடும்பங்கள் வாசித்துக் காட்டுவதை ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டால், எத்தொடர்கள் அவ்வாறே நின்றன, எவை கலைக்கப்பட்டன என்பது புலனாகும். எழுத்தாளர்க்கும் பதிப்பாளர்க்கும் அது நேரடிப் பயன் தரும். பள்ளியில் தமிழ் இல்லாத ஊர்களில் வளரும் ஒரு தலைமுறை, எழுத்துத் தமிழோடு எவ்வாறு உறவுகொள்கிறது என்பதையும் அப்பதிவுகள் நமக்குக் காட்டும். அத்தலைமுறை வளர்ந்துவிடும் முன் இப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.